வளைவில் காய்ந்த சேலைகள்

புயல் எங்கோ கடலோரத்தில் கரையைக் கடந்ததாக டி.வி.யில் சொன்னார்கள். பென்னியைக் கேட்டால், அது தன் வீட்டு அடுப்படி வழியாகத்தான் கடந்தது என்பான். நாகலூருக்கு முந்தின வளைவில், முன்வாசல் ரோட்டைப் பார்க்க, பின்சுவர் காபித் தோட்டத்து மேட்டில் சாய நிற்கிற ஓட்டு வீடு அவனுடையது. மேட்டிலிருந்து இறங்கிய தண்ணீர் பின்கதவைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்குள் வந்து, நடு அறையை நிதானமாகச் சுற்றிப் பார்த்து, முன்வாசல் வழியாக ரோட்டுக்குப் போயிற்று. போகிறபோது, சுமந்து வந்த செம்மண்ணையெல்லாம் இறக்கி வைத்துவிட்டுப் போயிற்று.

கட்டில்மேல் நாற்காலி போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்து, மாதா படத்தை மடியில் வைத்துக்கொண்டு பென்னி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில் அவனுக்கு நல்ல பழக்கம் உண்டு. ஜூலை மாதம் அவன் மனைவி ரூபி துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோதும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கிளம்பியதற்கும் காரணம் தண்ணீர்தான். பின்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி மேட்டுத் தண்ணீரை ஓரமாகத் திருப்பிவிடுங்கள் என்று கல்யாணமான முதல் மழையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் "ஆகட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எஸ்டேட்டில் அவனுக்கு வேலையே வாய்க்கால் வெட்டுவதுதான் என்பதை நினைத்தால் எனக்கே அவனை இரண்டு சாத்தலாம் போலிருக்கிறது. ஜூலை மழையில் அடுப்படியில் ஊறிய தண்ணீரை அவள் சொம்பால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்த இவன் அந்தத் தண்ணீரை ஒரு தாண்டு தாண்டி வந்து, "டீ இருக்குதா?" என்று கேட்டான். ரூபி சொம்பைக் கீழே வைத்தாள்.

"நான் எங்கக்கா ஊட்டுக்குப் போறனுங்க" என்றாள்.

"ம்" என்றான்.

போயிட்டு வரேன் என்று அவள் சொல்லவில்லை. போகிறேன் என்று மட்டும் சொன்னாள். இந்த மலையில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுப் படி இறங்கமாட்டார்கள். பென்னிக்கு அது புரிந்தது. புரிந்தும் நின்ற இடத்திலேயே நின்றான்.

பஸ் நிற்கிற இடம் கூப்பிடு தூரம்தான், மாதம்மாள் டீக்கடைக்கு எதிரே. பிறகு ஒருநாள் மாதம்மாள்தான் சொன்னாள். "ஒரு பஸ்ஸை வேணும்னே உட்டாப்பா. தலவலின்னு சொல்லிட்டு உங்க ஊட்டப் பாத்துட்டே உக்காந்திருந்தா. ஒத்த வார்த்த, இருன்னு சொல்லியிருந்தீன்னா எந்திரிச்சு வந்திருப்பா."

இரு. அது ஒன்றும் அவனுக்குத் தெரியாத சொல் இல்லை. கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவரிடம் சொல்வான், "இருங்க, ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போலாம்" என்று. வழி கேட்டு நிற்கிற காரோட்டிகளிடம் சொல்வான். கட்டினவளிடம் மட்டும் அது வரவில்லை. தொண்டை வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது, அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

அப்புறம் அவன் பட்டதை என்ன சொல்ல? பிள்ளை இல்லை. இருந்திருந்தால் இடையில் தூது போக ஒரு வாயாவது இருந்திருக்கும். போனில் அவள் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு, திரை அணைகிற வரைக்கும் பார்ப்பான். சேலத்துக்கு இறங்கிப்போய் அவள் அக்கா வீட்டுத் தெருமுனையில் நின்று, ஒரு டீ குடித்துவிட்டு, அப்படியே திரும்பி மலையேறுவான். வீட்டில் செருப்பை எங்கே கழற்றிப் போட்டாலும் கேட்க ஆளில்லை. வாய் ஓயாமல் திட்டுகிறாளே என்று எத்தனையோ தரம் சலித்துக்கொண்டவன்தான். இப்போது அந்தக் குரலில் ஒரு வசவு காதில் விழாதா என்று ஏங்கினான்.

இப்படி இருந்தவன் வீட்டுக்குள்தான் புயல் புகுந்தது.

மழை விட்டதும் பென்னி முதலில் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். வீட்டுக்குள் முழங்கால் சேறு கிடக்க, மம்பட்டியை எடுத்துக்கொண்டு நேரே பின்பக்கம் போய் வாய்க்கால் வெட்டினான். இடுப்பு வலிக்க வலிக்க, எஸ்டேட்டுக்குக்கூட வெட்டாத ஒழுங்கில், கரையை மிதித்து, கல் அடுக்கி வெட்டினான். வெட்டி முடித்து மம்பட்டியை ஊன்றி நின்றபோது யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் உள்ளே வந்து சேற்றை அள்ளினான். ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும், காய்ந்தால் தரையோடு பிடித்துக்கொள்ளும். அன்னக்கூடையில் அள்ளிக் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, துடைப்பத்தால் தேய்த்துத் தள்ளி, எஸ்டேட்டில் கணக்குப் பார்க்கிற ரைட்டர் கொடுத்தனுப்பிய பிளீச்சிங் பவுடரைத் தூவினான். ஊதிப்போன கதவுகளைக் கழற்றி நிழலில் சாய்த்தான். சுவர் காய்வதற்காக, பழைய இரும்புச் சட்டியில் காபிக் கட்டைகளைப் போட்டுக் கணப்பு மூட்டி அறைக்கு அறை தூக்கி வைத்தான். எவ்வளவு செய்தும் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிவப்புக் கோடு அப்படியே நின்றது. போனும் சேற்றில் விழுந்து செத்துப்போயிருந்தது. அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று யாரோ சொன்னதால், பரண்மேல் தப்பிய அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தான்.

கடைசியில் மிச்சமிருந்தது பீரோ. அது ரூபியின் பீரோ, அவள் அப்பா கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது. ஜூலைக்குப் பிறகு பென்னி அதைத் திறந்ததில்லை. திறந்தால் உள்ளே இருக்கிற அவள் வாசம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும் என்று பயம். தண்ணீர் அந்தப் பயத்தையெல்லாம் பார்க்கவில்லை, கீழ்த்தட்டு முழுக்க நுழைந்துவிட்டது. இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். வேறு வழியில்லாமல் கதவை இழுத்துத் திறந்தான். பாச்சா உருண்டை வாசமும், அவள் போடும் பவுடர் வாசமும், சேற்று வாசமும் ஒன்றாகக் கலந்து முகத்தில் அடித்தன. சேலைகளை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தான்.

பிறகு எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டு ஊறவைத்தான். ஆண்பிள்ளை புத்தி. அரக்கு நூல்சேலை தன் சாயத்தையெல்லாம் கக்க, சந்தன நிறத்தில் இருந்த கல்யாணப் பட்டு அதைக் குடித்துக்கொண்டது. எடுத்துப் பார்த்ததும் வேறு தண்ணீருக்கு மாற்றினான். அலசினான், பிழிந்தான், திரும்ப அலசினான். கல்யாணப் பட்டு ரோஸ் நிறத்தில் நின்றுவிட்டது.

வாய்க்கால் போக மிச்சப் பின்பக்கம் முழுக்க மண் சரிந்து கிடந்தது. வெயில் விழுகிற இடம் ரோட்டோரம் மட்டும்தான். அங்கிருந்த இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நைலான் கயிற்றைக் கட்டி, சேலை, ஜாக்கெட், பாவாடை, நைட்டி எல்லாவற்றையும் வரிசையாகக் காயப்போட்டான். பல நாளைக்குப் பிறகு வந்த வெயில். காற்றில் சேலைகள் எழும்பி எழும்பி அடங்கின. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தால், வீட்டுக்குள் ஆள் இருப்பது போலவே இருந்தது. பென்னி அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தான்.

மலைப்பாதையில் சரிந்த மண்ணை அள்ளி முடித்து, அன்றைக்குத்தான் பஸ் விட்டிருந்தார்கள். வளைவில் திரும்பிய பஸ்ஸின் படிக்கட்டிலிருந்து கண்டக்டர் ஆசிர் தலையை நீட்டினான்.

"பென்னிண்ணா! அண்ணி வந்துட்டாங்களாட்ட இருக்குது!"

இல்லை என்று சொல்லத்தான் பென்னி கையைத் தூக்கினான். தூக்கின கையைப் பார்த்து ஆசிர் பதிலுக்குக் கையை ஆட்டினான். பஸ்ஸில் இருந்தவர்களும் ஆட்டினார்கள். பஸ் போய்விட்டது.

டீக்கடைக்குப் போனால் மாதம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏஞ்சாமி, ரூபி வந்துட்டாளாமா? பஸ்ஸே பேசுது."

இல்லீங்கக்கா என்பது நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தால் "ஆமாங்கக்கா" என்று வந்தது.

"எங்க? கூட்டிட்டு வர வேண்டியதுதான?"

"தூங்கறாங்கக்கா. வந்ததும் வராததுமா சேறு அள்ளுனா. ஒடம்பு வலிங்கறா."

அவனுக்கே ஆச்சரியம். உண்மை பேசுவதற்கு முக்கி முனகுகிறவனுக்குப் பொய் சரளமாக வந்தது. மாதம்மாள் முகம் மலர்ந்து, இரண்டு பேருக்கு இட்லி கட்டிக் கொடுத்தாள். "அவளுக்குத் தேங்காச் சட்னி ஆகாது, காரச் சட்னி வெச்சிருக்கறேன்" என்றாள். அவளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று இன்னொரு வாய் சொல்லக் கேட்டபோது பென்னிக்குக் கண் கலங்கிவிட்டது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தான்.

வீட்டில் இரண்டு தட்டு வைத்தான். ஒன்றில் தான் சாப்பிட்டான். "ரூபி, சட்னி நொம்பக் காரம்" என்று ஈரச் சுவரைப் பார்த்துச் சொன்னான். சொன்ன பிறகு வெட்கமாகிவிட்டது. ஆனால் அன்று முழுக்க அவன் அந்த வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டான். ரோட்டில் போகிற வருகிறவர்களெல்லாம் சேலையைப் பார்த்துவிட்டு நின்று கேட்டார்கள். ரூபி குளிக்கிறாள் என்றான். ரூபி கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றான். ரூபிக்குச் சளி என்றான். பொய்தான். ஆனால் ரூபி ரூபி என்று வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு எத்தனை மாதத்துக்குப் பிறகு கிடைத்த சந்தர்ப்பம்! அவனுக்கு அவள் வேண்டும். அவள் வீட்டில் இருப்பதாக நாலு பேராவது நம்ப வேண்டும்.

மறுநாள் காலையில் பயம் பிடித்துக்கொண்டது. எத்தனை நாளைக்குத் தூங்கவைப்பது, எத்தனை நாளைக்குக் குளிக்கவைப்பது? பாதி ஈரமாக இருந்த துணிகளை எடுத்துவிடலாம் என்று கயிற்றுக்கிட்டே போனான். எடுக்க மனசு வரவில்லை. தடிச்ச துணிகள் இன்னும் காயவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு நின்றான். அப்போதுதான் மதிய பஸ் வந்து, நிறுத்தமே இல்லாத அந்த வளைவில், அவன் முன்னாலேயே நின்றது.

ஒயர் கூடையோடு ரூபி இறங்கினாள்.

"அண்ணி, நீங்க நேத்தே வந்துட்டீங்கன்னு…" என்று ஆரம்பித்த ஆசிர், அவள் முகத்தைப் பார்த்ததும் விசிலை வாயில் வைத்துக்கொண்டான். பஸ் நகர்ந்தது.

ரூபி இளைத்திருந்தாள். பென்னிக்கு முதலில் பட்டது அதுதான். அவள் அவனைப் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்த்தாள்.

"எவங்க அவ?"

"எவ?"

"நேத்துச் சாயங்காலம் மாதம்மாக்கா போன் பண்ணுச்சு. ஊருக்கு வந்துட்டு என்னைப் பாக்காம தூங்கறியா, இட்லி எப்படி இருந்துச்சுன்னு கேக்குது. நான் சேலத்துல எங்கக்கா ஊட்ல நின்னுட்டிருக்கறேன். நம்ம ஊட்ல தூங்குனவ எவங்க?"

"நீதான்" என்றான் பென்னி.

அவள் இப்போது அவனைப் பார்த்தாள். பிறகு கயிற்றுக்குப் போய், ஒவ்வொரு துணியாகத் தொட்டுப் பார்த்தாள். அந்தச் சேலை அவளுடையது, இந்த நைட்டி அவளுடையது, தையல் பிரிந்த அந்த ஜாக்கெட்டும் அவளுடையது. கயிற்றின் அந்தக் கோடிவரைக்கும் வேறு ஒருத்தியின் துணி இல்லை.

"தொணியைப் பாத்துட்டு நீ வந்துட்டேன்னு சொன்னாங்க" என்றான் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து. "இல்லைன்னு சொல்ல முடியல."

ரூபி திரும்பவில்லை. "போன் அடிச்சு அடிச்சுப் பாத்தேன். புயலடிச்ச அன்னைல இருந்து அடிக்கறேன். ஸ்விட்ச் ஆப். மண்ணு சரிஞ்சு ஊடே போயிருச்சோ, ஆளு உள்ள கெடக்கறாரோன்னு… போன் எங்க?"

"அரிசிக்குள்ள."

அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கிட்டே போய்ப் பார்க்கவும் தைரியமில்லை.

அவள் வீட்டுக்குள் போனாள். சுவரில் இருந்த சிவப்புக் கோட்டை விரலால் தொட்டாள். கணப்புச் சட்டியைப் பார்த்தாள், இரண்டு தட்டுகளையும் பார்த்தாள். கதவில்லாத பின்வாசலில் போய் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். வெளியே, மேட்டிலிருந்து கசிகிற தண்ணீர் கல் அடுக்கிய வாய்க்காலில் இறங்கி, வீட்டைத் தொடாமல் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். பென்னி அவள் பின்னால் வந்து நின்றான். "நல்லா இருக்குது" என்றோ, "இப்பத்தான் கை வந்துச்சா" என்றோ அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான். அவள் திரும்பி, அவனைத் தாண்டி முன்வாசலுக்கு நடந்தாள்.

வெளியே வந்தவள் கண்ணில், காற்றில் விலகிய சேலைக்கு அடியில் மறைந்து கிடந்த கல்யாணப் பட்டு இப்போதுதான் விழுந்தது.

"இது என்னங்க, ரோஸா இருக்குது?"

"அரக்குச் சேலையோட சேத்து ஊறப்போட்டுட்டேன்."

"பட்டை ஊறப்போட்டீங்களா!"

"ம்."

"சோப்புத் தூள் போட்டா?"

"ம்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வாங்காத திட்டையெல்லாம் பென்னி அந்த இடத்திலேயே வாங்கினான். கையைக் கட்டிக்கொண்டு நின்று வாங்கினான். திட்டிக்கொண்டே ரூபி துணிகளையெல்லாம் உருவி, உதறி, சாயம் வெளுக்காமல் இருக்க உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டாள். கைப்பகுதியில் மாட்டித் தொங்கின ஜாக்கெட்டுகளைத் தலைகீழாக மாற்றிப் போட்டாள். மாதம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "சளி எப்படிச் சாமி இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ரூபி பென்னியை முறைத்தாள். அந்த முறைப்புக்காக அவன் இன்னும் ஒரு பட்டுச் சேலையைக்கூட ஊறப்போடத் தயாராக இருந்தான்.

ஆனால் வெயில் மேட்டுக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியதும் அவள் பேச்சு நின்றுவிட்டது. முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஒயர் கூடையை எடுத்தாள். சேலத்துக்குத் திரும்புகிற பஸ் நாகலூரில் ஹாரன் அடிப்பது கேட்டது.

"அக்கா தேடும்" என்றாள் எங்கேயோ பார்த்துக்கொண்டு. "போயிட்டு வரனுங்க."

போகிறேன் என்று சொல்லவில்லை, போயிட்டு வரேன் என்றாள். பென்னி அதைக் கேட்டான். பாவி, அதற்கும் அவன் வாயிலிருந்து வந்தது "ம்" தான்.

அவள் ரோட்டோரத்துக்குப் போய் நின்றாள். நேராக நின்றாள், ஆனால் தலை மட்டும் வீட்டுப்பக்கம் லேசாகத் திரும்பி இருந்தது. ஜூலையில் மாதம்மாள் கடையில் உட்கார்ந்து இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். பஸ் வளைவுக்கு வந்துவிட்டது. அவள் கையைத் தூக்கினாள். பஸ் வேகத்தைக் குறைத்தது. பென்னியின் தொண்டையில் ஐந்து மாதமாக உட்கார்ந்திருந்தது அப்போது எழுந்தது.

"இரு!"

மேடு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கத்தல். பஸ் கிறீச்சென்று நின்றது. டிரைவர் பதறிப்போய் எட்டிப் பார்த்தார். படியில் தொங்கிக்கொண்டிருந்த ஆசிர், "இருக்கறனுங்கண்ணா, பதறாதீங்க, மெதுவா வாங்க! நீங்களும் வரீங்களா?" என்று கேட்டான்.

எல்லா ஜன்னலிலிருந்தும் தலைகள் நீண்டன. நாகலூர் சனம் பாதி அந்தப் பஸ்ஸில் இருந்தது. பென்னி திருதிருவென்று விழித்தான். ரூபி தூக்கின கையை இறக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருந்தால் அவள் ஏறிவிடுவாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"உன்னை இல்ல தம்பி" என்றான். "நீ போ. நான் என் பொண்டாட்டியத்தான் இருக்கச் சொன்னேன்."

ஜன்னலில் நீண்ட தலைகளெல்லாம் ரூபி பக்கம் திரும்பின. பிறகு யாரோ ஒரு பெண் "அடி ரூபி, இருடி!" என்று கத்த, பஸ்ஸே சிரித்தது. ஆசிர் ரூபியின் முகத்தைப் பார்த்தான். அவள் கை மெதுவாக இறங்கியது. அவன் நீளமாக ஒரு விசில் அடித்து, "போலாம் ரைட்!" என்றான். பஸ் அந்தச் செய்தியையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கிப் போயிற்று.

"அதுக்குன்னு இப்படியா, ஊரே கேக்கற மாதிரி" என்றாள் ரூபி. அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

கூடையைக் கீழே வைக்க இடம் தேடினாள். ரோட்டோரம் முழுக்கச் சேறு. பென்னி கிட்டே வந்து, கை நீட்டி அதை வாங்கிக்கொண்டான்.